வாங்குமுன் படியுங்கள்

என் மச்சினிச்சியை எங்கள் கம்பெனியில் எல்லோரும் திருகாணி என்றுதான் கூப்பிடுவார்கள். பேர் வைத்தது முதலாளி. சேர்ந்த முதல் வாரமே அவள் ஒரு திருகாணியைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அவர் அறைக்குள் போய், "சார், நம்ம இணையதளத்துல நாலு மில்லிமீட்டர்னு போட்டிருக்கு, அளந்து பார்த்தா மூணரைதான் இருக்கு" என்று நின்றாளாம். அரை மில்லிமீட்டருக்காக ஒரு ஆள் கிடங்கிலிருந்து மாடிப்படி ஏறி வந்ததை அவர் அதுவரை பார்த்ததில்லை. சிரித்துவிட்டு, "சரிம்மா திருகாணி, மாத்திடு" என்றார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

நாங்கள் வீட்டு மெஷின்களுக்கு உதிரிபாகம் விற்கிறவர்கள். துணி துவைக்கும் மெஷின், ஃப்ரிட்ஜ், ஓவன், தண்ணீர் சூடாக்கும் கருவி, எதுவானாலும் அதன் பெல்ட்டும் வால்வும் ரப்பர் வளையமும் எங்களிடம் இருக்கும். கடை என்று தனியாகக் கிடையாது, விற்பனை முழுக்க இணையதளத்தில்தான். மேலே இரண்டு மாடியில் ஆறு மேசை போட்ட ஆபீஸ். கீழே கூரை வரைக்கும் இரும்பு அடுக்கு, அதில் பதினோராயிரம் வகைச் சாமான். நான் கீழே பேக்கிங் பார்க்கிறவன். பெட்டி கட்டி அனுப்புவதும் நான்தான், பிடிக்கவில்லை, பொருந்தவில்லை என்று திரும்பி வருவதை வாங்கி அடுக்குவதும் நான்தான். இந்த வேலையில் எனக்குப் பத்தொன்பது வருஷம். அவளை இங்கே சேர்த்துவிட்டதும் நான்தான் என்பதால், அவள் எதையாவது செய்துவைத்தால் எல்லோரும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் தளத்தில் ஒரு பக்கம் உண்டு. படம், விலை, அதன் கீழே இரண்டு வரி. அந்த இரண்டு வரியை டைப் அடிக்கத்தான் அவளை எடுத்தார்கள். அவள் கழுத்தில் ஒரு அளவுகோலைக் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு தினமும் காலையில் ஒரு மணி நேரம் கிடங்கில் சுற்றுவாள். சாமானை எடுத்து அளப்பாள், வளைப்பாள், முகர்ந்துகூடப் பார்ப்பாள். வாடிக்கையாளர்கள் கேள்வி கேட்டு அனுப்பும் மங்கலான போட்டோக்களை உருப்பெருக்கிப் பார்ப்பாள். ஒருவருக்குப் பதில் எழுதினால், அதே பதிலை அந்தப் பொருளின் பக்கத்திலும் எழுதிவிடுவாள். அந்தப் பகுதிக்கு 'வாங்குமுன் படியுங்கள்' என்று தலைப்பு வைத்திருந்தாள்.

ஒரு பெல்ட்டுக்கு அவள் எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடம். "பழைய பெல்ட்டின் உட்பக்கம் உள்ள வரிகளை எண்ணுங்கள். ஐந்து இருந்தால் இதை வாங்கலாம். ஆறு இருந்தால் இது வேண்டாம். உங்கள் மெஷினின் மாடல் எண் இதேதான் என்றாலும், தயாரித்தவர்கள் நடுவில் ஒரு வருஷம் பெல்ட்டை மாற்றிவிட்டார்கள்."

இந்த 'வேண்டாம்' என்ற சொல்தான் முதலாளிக்குப் பிடிக்கவில்லை. தண்ணீரை வெளியேற்றும் பம்ப் ஒன்றின் பக்கத்தில் அவள், "பம்ப் வாங்குவதற்கு முன் மெஷினின் முன்பக்கம் கீழே உள்ள சின்ன மூடியைத் திறந்து பாருங்கள். பொத்தானோ நாணயமோ சிக்கியிருக்கலாம். எடுத்துவிட்டால் பழைய பம்ப்பே ஓடும்" என்று எழுதியிருந்தாள். அவர் கையில் போனோடு கீழே, அவள் அளந்துகொண்டிருந்த அடுக்குக்கே இறங்கி வந்துவிட்டார்.

"நாம கடை நடத்துறோமா, தர்மசத்திரம் நடத்துறோமா? வர்ற ஆளை நீயே வாசல்ல நிறுத்தி வீட்டுக்கு அனுப்புறியே."

"அனுப்பலைன்னா அவர் பம்ப்பை வாங்கி மாட்டிப் பார்ப்பார் சார். ஓடாது. திருப்பி அனுப்புவார். கூடவே நம்ம மேல ஒரு கோபத்தையும் வச்சிப்பார். இப்ப மூடியைத் திறந்து பொத்தானை எடுத்தவர், அடுத்த தடவை நிஜமாவே ஏதாவது உடைஞ்சா வேற எங்க போவார்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் டேப்பை இழுத்து ஒரு பெட்டியை ஒட்டுவதில் மும்முரமாக இருந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அன்று அவர் பேச்சுதான் சரி என்று பட்டது.

இப்படி ஆறு வருஷம் ஓடியது. அதற்குப் பிறகு முதலாளியின் மச்சான் ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தார். பொருளின் படத்தையும் எண்ணையும் கொடுத்தால் அதுவே பக்கத்தை எழுதிவிடும். ஒரு சனி, ஞாயிறில் பதினோராயிரம் பக்கத்தையும் எழுதி முடித்தது. திங்கட்கிழமை காலையில் எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினார்கள். படிக்க அருமையாக இருந்தது. ஒரு ரப்பர் வளையத்தைப் பற்றி அவ்வளவு அழகாக யாரும் எழுதி நான் கேட்டதில்லை. 'உங்கள் இல்லத்தின் நம்பிக்கைக்குரிய துணை' என்றெல்லாம் போட்டிருந்தது.

"ஆறு வருஷ வேலை, ரெண்டு நாள்ல" என்றார் மச்சான்.

முதலில் துணி துவைக்கும் மெஷின் சாமான்களுக்கு மட்டும் புதிய பக்கங்களைப் போட்டார்கள். திருகாணியின் குறிப்புகளைக் கழற்றிவிட்டார்கள். முதலாளி இரக்கமில்லாதவர் இல்லை. ஒரே ஒரு அடுக்கை வைத்துத் தொழிலைத் தொடங்கியவர், ஆளை வெளியே அனுப்பிப் பழக்கமில்லை. அதனால் அவளைக் கீழே, என் பிரிவுக்கு மாற்றினார். சம்பளம் அதே. வேலை, திரும்பி வரும் பெட்டிகளைப் பிரித்துப் பார்ப்பது.

அன்று சாயங்காலம் வீட்டில் என் மனைவி கத்திரிக்கோலை மேசை மேல் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் தையல்காரி, முன்னறையிலேயே மெஷின் போட்டிருக்கிறாள். "என் தங்கச்சியைப் பெட்டி பிரிக்க விட்டுட்டு நீங்க நிம்மதியா டீ குடிக்கிறீங்க" என்றாள். திருகாணி அப்போது எங்கள் வீட்டுக்குத்தான் வந்திருந்தாள். முகத்தில் வாட்டம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"விடுக்கா. மேலே உக்காந்திருந்தா போட்டோதான் வரும். கீழே பொருளே திரும்பி வருது. எது தப்புன்னு இங்கதான் நல்லாத் தெரியும்."

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரத்தில் திரும்பி வரும் பெட்டிகளுக்கு என் அடுக்கில் இடம் போதவில்லை. ஐந்தாவது வாரத்தில் அடுக்குகளுக்கு நடுவே உள்ள நடைபாதையில் அடுக்கினோம். தூக்குவண்டி திரும்ப இடமில்லாமல் ஓட்டுநர் என்னோடு சண்டைக்கு வந்துவிட்டார். வந்ததெல்லாம் துணி துவைக்கும் மெஷின் சாமான். ஆறு வரி பெல்ட் வேண்டியவர்கள் ஐந்து வரி பெல்ட்டை வாங்கியிருந்தார்கள். கதவு ரப்பரின் துளைகள் கீழே இருக்க வேண்டும் என்று தெரியாமல் தலைகீழாக மாட்டி, வீடெல்லாம் தண்ணீராகி, ரப்பர் ஓட்டை என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். பம்ப்கள் குவிந்தன. அதில் ஒன்றின் பெட்டிக்குள் யாரோ கோபத்தோடு ஒரு சட்டைப் பொத்தானையும் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

திருகாணி ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு சீட்டு ஒட்டினாள். என்ன பொருள், ஏன் திரும்பியது, புதிய பக்கத்தில் என்ன இருக்கிறது, பழைய பக்கத்தில் என்ன இருந்தது. யாரும் கேட்கவில்லை. நான்கூட, "இதெல்லாம் யாரும்மா படிக்கப் போறாங்க?" என்றேன்.

"யாராவது படிப்பாங்க மாமா" என்றாள். "படிக்கலைன்னாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல."

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியை விற்கும் பேச்சு வந்தது. ஒரு பெரிய நிறுவனம் வாங்க விரும்பியது. விலை வைப்பதற்கு முன் எல்லாவற்றையும் பார்த்து வர ஒரு பெண்ணை அனுப்பினார்கள். ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவர். நாங்கள் அவரை மதிப்பீட்டம்மா என்று சொல்லிக்கொள்வோம். மூன்று நாள் மாடியில் கணினி முன் உட்கார்ந்திருந்தார். முதலாளியும் மச்சானும் மென்பொருளைக் காட்டிக் காட்டி ஓய்ந்துபோனார்கள். நாலாவது நாள் அவர் தனியாகக் கீழே இறங்கி வந்தார்.

"இந்த நடைபாதை எப்பவுமே இப்படித்தானா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லைங்க. ரெண்டு மாசமாத்தான்."

"ஏன்?"

முதலாளியின் வியாபாரம் படியும் நேரம், நான் எதையாவது உளறிக் கெடுத்துவிடக் கூடாதே என்ற பயம். திருகாணியைக் கை காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம் இல்லை.

அந்தம்மா பெட்டிகளின் மேல் இருந்த சீட்டுகளை நின்றபடியே படித்தார். பத்து, இருபது, நாற்பது. பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பழைய பக்கங்களை யார் எழுதினது?"

"நான்தாங்க."

"எல்லாத்தையுமா?"

"ஆமாங்க. சிலதை மூணு தடவை மாத்தி எழுதியிருக்கேன். மெஷின்காரங்க சொல்லாம கொள்ளாம சாமானை மாத்திடுவாங்க, நாமும் கூடவே மாத்தணும்."

மதிப்பீட்டம்மா மாடியில் மூன்று நாளாகத் தேடியது இதைத்தான் என்று பிறகு தெரிந்தது. எங்கள் தளத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் விளம்பரம் பார்த்து வரவில்லை. 'மெஷினில் தண்ணீர் இறங்கவில்லை', 'கதவோரம் ஒழுகுகிறது' என்று தேடுகிறவர்கள் நேராகத் திருகாணியின் குறிப்பில் வந்து இறங்கியிருக்கிறார்கள். பழுது பார்க்கிற மெக்கானிக்குகள் அந்தப் பக்கங்களை ஒருவருக்கொருவர் போனில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். குறிப்புகளைக் கழற்றிய பகுதிக்கு மட்டும் ஆள் வரவு பாதியாகியிருந்தது. ஏன் என்று மச்சானைக் கேட்டதற்கு, சீசன் மந்தம் என்றாராம். துணி துவைக்க என்ன சீசன் என்று அந்தம்மாவுக்குப் புரியவில்லை.

இரண்டு நாள் கழித்து முதலாளி திருகாணியைக் கூப்பிட்டு ஒரு காகிதம் கொடுத்தார். இதுவரை எழுதிய குறிப்புகள் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம், அவற்றில் தனக்கு எந்த உரிமையும் இல்லை என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். பதிலுக்கு இரண்டு மாதச் சம்பளம் அன்பளிப்பு. அவள் படித்துவிட்டு, நாளைக்குச் சொல்கிறேன் என்று வாங்கி வந்துவிட்டாள்.

சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

"போட்டுடும்மா" என்றேன் நான். "ரெண்டு மாசச் சம்பளம் சும்மா வருது. புதுசா வர்றவங்க உன்னை வச்சிப்பாங்களோ என்னவோ. கைக்கு வர்றதை விடாத."

என் மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அவரு அப்படித்தான் சொல்வாரு. பயந்த சுபாவம்" என்றாள். பிறகு தங்கையைப் பார்த்து, "நீ என்ன கேக்கப் போற? எழுதினதுக்குப் பங்கா?" என்றாள்.

"எழுதினதுக்கு மாசா மாசம் சம்பளம் வாங்கிட்டேனேக்கா."

"அதான் நானும் சொல்றேன். தைச்சுக் கொடுத்த சட்டைக்கு மறுபடி கூலி கேக்க முடியாது. கேட்டா அடிக்க வருவாங்க. அடுத்த சட்டைக்கு என்ன கூலின்னு நாமதான் சொல்லணும்."

திருகாணி காகிதத்தை இன்னொரு தடவை படித்தாள். அவள் முகம் மாறுவதைப் பார்த்தேன், அளவு சரியாக வந்துவிட்டால் அவள் முகம் அப்படித்தான் ஆகும்.

மறுநாள், "மாமா, நீங்களும் வாங்க. பேச வேண்டாம், சும்மா உக்காருங்க" என்று என்னையும் மாடிக்குக் கூட்டிப் போனாள். முதலாளி, மச்சான், மதிப்பீட்டம்மா மூவரும் இருந்தார்கள். நான் கதவோரம் இருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

அவள் காகிதத்தை மேசை மேல் வைத்தாள். "சார், இதுல எழுதியிருக்கிறது சரிதான். நான் எழுதினது கம்பெனியோடதுதான், எப்பவுமே நான் வேற மாதிரி நினைச்சதில்லை. கையெழுத்துப் போடுறேன். அன்பளிப்பு வேண்டாம்."

முதலாளிக்கு மூச்சு வந்தது. மச்சான் பேனாவைத் திறந்தே கொடுத்தார்.

"ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கணும்" என்றாள் அவள், பேனாவை வாங்காமல். "இந்தக் குறிப்புகளுக்கு ஆயுசு கம்மி. போன வருஷம் மட்டும் எண்ணூறு சாமான் மாறியிருக்கு. இன்னும் ரெண்டு வருஷத்துல இதுல பாதி தப்பாயிடும். தப்பான குறிப்பு, குறிப்பே இல்லாததை விட மோசம். வாங்குறவங்க எதை வாங்குறாங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். நாளையிலிருந்து எழுத வேண்டியது எதுவும் இந்தக் காகிதத்துல இல்லை."

மதிப்பீட்டம்மா தன் நோட்டில் ஏதோ எழுதினார். பிறகு முதலாளியைப் பார்த்து, "அதைத்தான் நானும் எங்க ஆளுங்ககிட்ட சொன்னேன்" என்றார். "இவங்க மூணு வருஷம் இருப்பாங்கன்னு உறுதி இருந்தா ஒரு விலை. இல்லைன்னா நாங்க வாங்குறது ஒரு கிடங்கும் கொஞ்சம் இரும்பும்தான். அதுக்கு வேற விலை."

முதலாளி தண்ணீர் குடித்தார். "உனக்கு என்னம்மா வேணும்?" என்றார். கோபமில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அவள் கேட்டது இவ்வளவுதான். குறிப்பு எழுதுவதற்குத் தனிப் பிரிவு, அதற்கு அவள் பொறுப்பு. வீடு வீடாகப் போய்ப் பழுது பார்த்த அனுபவம் உள்ள இரண்டு பேர். திரும்பி வரும் பெட்டிகள் அந்தப் பிரிவின் கண்ணில் பட்ட பிறகுதான் அடுக்குக்குப் போக வேண்டும். கம்பெனி விற்கிற விலையில் நூற்றுக்கு இரண்டு. கடைசியைக் கேட்டதும் என் நாற்காலி கிறீச்சிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

"அந்த மென்பொருளை என்ன பண்றது?" என்றார் மச்சான், கொஞ்சம் குத்தலாக. "தூக்கிப் போட்டுடலாமா?"

"எதுக்குத் தூக்கிப் போடணும்? எனக்கு அது வேணும். நிறம், எடை, நீளம்னு டைப் அடிச்சே என் பாதி நாள் போச்சு. அதை அது பண்ணட்டும். எது பொருந்தும், எது பொருந்தாதுன்னு கையில வச்சுப் பார்த்து நாங்க சொல்றோம், அதை அது பத்து விதமா எழுதட்டும். அதுக்கு வேகம் இருக்கு சார். பொருளைத் தொட்டுப் பார்க்க வழியில்லை, அவ்வளவுதான்."

மச்சான் பேனாவை மூடினார். அதன் பிறகு அவர் அவளோடு நன்றாகவே வேலை செய்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய குறிப்புகளை ஒரு மணி நேரத்தில் திரும்ப ஏற்றியதும் அவர்தான்.

பேரம் இரண்டு நாள் நடந்தது. நூற்றுக்கு இரண்டு என்று தொடங்கியது ஒன்றில் முடிந்தது. மூன்று வருஷ ஒப்பந்தத்தை அவள் வரிக்கு வரி படித்து, ஒரு இடத்தில் தேதி தப்பாக இருப்பதைக் கண்டுபிடித்து, மாற்றிய பிறகு கையெழுத்துப் போட்டாள். முதலாளி என்னிடம் தனியாக, "ஆறு வருஷமா என் தலைக்கு மேலேயே உக்காந்திருந்தா, எனக்குத் தெரியலையேப்பா" என்றார். அவர் அறை முதல் மாடி, அவள் மேசை இரண்டாவது மாடி, அதனால் அது நிஜமும்கூட. ஆனால் அவர் சொன்னது அதை இல்லை என்று எனக்குப் புரிந்தது.

கம்பெனி கை மாறியது. நான்கு மாதத்தில் நடைபாதை காலியானது. தூக்குவண்டி ஓட்டுநர் என்னோடு மறுபடி பேச ஆரம்பித்தார். வந்த பங்கில் திருகாணி அம்மா வீட்டின் ஒழுகும் கூரையை மாற்றினாள். அக்காவுக்கு ஒரு புதுத் தையல் மெஷின் வாங்கித் தந்தாள். அந்த மெஷினையும் பிரித்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தந்தாள்.

போன மாதம் அவள் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். "மாமா, ஓவன் கதவுக் கண்ணாடி பேக்கிங்ல ஒண்ணுகூட உடையறதில்லை. மத்த கம்பெனிகள்ல பத்துல ஒண்ணு உடையுது. எப்படிக் கட்டுறீங்கன்னு எழுதுங்க."

"நான் எங்கம்மா எழுதுறது? கை பாட்டுக்குக் கட்டுது."

"அந்தக் கை என்ன பண்ணுதுன்னு எழுதுங்க. பொருந்தாத கண்ணாடியைத் திருப்பி அனுப்புறவங்களுக்கு உபயோகப்படும்."

மூன்று நாள் முட்டி மோதினேன். கண்ணாடியைப் படுக்க வைக்கக் கூடாது, நிற்க வைக்க வேண்டும். நான்கு மூலைக்கும் மடித்த அட்டை. பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக் கூடாது, வந்தால் பிரித்து மறுபடி கட்டுங்கள். இவ்வளவுதான் எழுதினேன். அவள் இரண்டு இடத்தில் திருத்தி, பேக்கிங் பிரிவு என்று கீழே போட்டுத் தளத்தில் ஏற்றினாள்.

நாலாம் நாள் ஒரு கேள்வி வந்தது. எனக்கென்றே வந்தது. யாரோ ஒரு அம்மா, வீடு மாறுகிறாராம். சுவரில் மாட்டும் ஆளுயரக் கண்ணாடியையும் இதே மாதிரிக் கட்டலாமா, அட்டை எத்தனை மடிப்பு வேண்டும் என்று கேட்டிருந்தார். சுவர்க் கண்ணாடி நாங்கள் விற்கிற சாமானே இல்லை. நான் எழுந்து போய், பழைய அட்டை ஒன்றை எடுத்து மடித்துப் பார்த்தேன். ஐந்து மடிப்பில் நன்றாக நின்றது. வந்து உட்கார்ந்து, ஒரு விரலால் டைப் அடித்துப் பதில் அனுப்பினேன்.